கொடுக்கிற கை

மாங்காய் ஏலம் நடக்கும் மார்க்கெட் யார்டின் சேர்மன் பதவியைத்தான் வேங்கடாசலம் கேட்டிருந்தார். மாம்பழக் கூழ்த் தொழிற்சாலைகளுக்கு வருடக்கணக்காகக் காய் ஏற்றி அனுப்பியவர். தேர்தலில் சுற்றுப்பட்டு கிராமங்களின் ஓட்டுகளைச் சிந்தாமல் திரட்டிக் கொடுத்தவர். கேட்டதில் தவறில்லை. ஆனால் யார்டை வேறொரு சாதிக்குக் கொடுத்தால்தான் சரிக்கட்ட முடியும் என்று கட்சியில் முடிவானது. மிச்சமிருந்தது ஆந்திர எல்லையோர மேலப்பட்டடை அரசு மருத்துவமனையின் அபிவிருத்திக் கமிட்டி சேர்மன் பதவி. அதை அவருக்குக் கொடுத்தார்கள்.

“மாங்காய் கேட்டவருக்கு நம்மளக் குடுத்துட்டாங்க மேடம். இனிமே நம்மளயும் டன்னு கணக்குல எடை போடுவாரு,” என்றாள் நர்ஸ் ஷோபா.

டாக்டர் தாட்சாயணி சிரித்தாள். புத்தூர்க்காரி அவள், இந்த மருத்துவமனைக்குப் பொறுப்பேற்று மூன்றாவது வருடம். சேர்மன் கையெழுத்து இல்லாமல் ஒரு மின்விசிறியைக்கூட மாற்ற முடியாது என்பதால் வருகிறவர் எப்படிப்பட்டவரோ என்ற பயம் அவளுக்கு இருந்தது. வேங்கடாசலம் மோசமில்லை. வந்த மாதமே வெளி நோயாளிகள் உட்காரப் பெஞ்சு போட்டார். வராந்தாவில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றை நன்கொடையாக வைத்து, அதன் மேல் தன் பெயரைப் பித்தளைத் தகட்டில் பதித்தார்.

தடுப்பூசி விஷயத்தில் மட்டும் அவர் போக்கு வேறாக இருந்தது. முதல் கூட்டத்திலேயே சொன்னார்: “நம்ம பங்காளி ஒருத்தன். கொரோனா ஊசி ரெண்டும் போட்டுக்கினான். ஒரு வருசம் கழிச்சு வரப்புல நடந்துக்கினு இருந்தவன் அப்படியே சாஞ்சுட்டான். ஊசி வேணாம்னு நான் சொல்லல. யோசிக்கணும்னு சொல்றேன்.”

போடாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. யோசிக்கணும் என்று ஆஸ்பத்திரி சேர்மன் சொன்னதே ஊருக்குப் போதுமானதாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் நடக்க வேண்டிய தடுப்பூசி முகாம் அம்மன் ஜாத்திரை முடியட்டும் என்று தள்ளிப்போனது. பிறகு பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போனது. நாய்க்கடிக்கு இங்கே ஊசி போடப்படும் என்று வாசலில் நாய்ப் படத்தோடு இருந்த போர்டு, உள்ளே நுழையும்போதே அபசகுனமாக இருக்கிறது என்று பின்பக்கச் சுவருக்குப் போனது.

அந்தப் போர்டு போனதற்கு வேறு காரணமும் உண்டு என்பதை எல்லாரும் அறிவார்கள். நாய்க்கடிக்குப் பச்சிலை கொடுக்கும் குடும்பம் வேங்கடாசலத்துடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு முன்னால் கடிபட்டவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இலையை மிளகோடு அரைத்து, வெற்றிலையில் வைத்து, வலது கையால் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். வாங்கினால் பலிக்காது. வாங்கிச் சாப்பிட்டவர் ஒரு மண்டலம் பத்தியம் இருக்க வேண்டும்: கறி, மீன், கருவாடு கூடாது; தலைக்குக் குளிக்கக்கூடாது; ஊசி கூடவே கூடாது. ஊசி போட்டால் மருந்து முறிந்துவிடும். மண்டலம் முடிந்ததும் அவரே ஒரு பிடி கருவாட்டுச் சோற்றைத் தன் கையால் ஊட்டிப் பத்தியத்தை விடுவிப்பார்.

அவருடைய அப்பா காலத்திலும் அது நடந்ததுதான். அப்போது அது ஒரு வீட்டு மருந்து. இப்போது அதே வாசலில் ‘சேர்மன், அரசு மருத்துவமனை’ என்று எழுதிய வெள்ளைக் கார் நின்றது. ஆஸ்பத்திரிக்கே பெரியவர் கொடுக்கிற மருந்து என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். முதல் ஊசி போட்டுக்கொண்டு அடுத்த ஊசிக்கு வராமல் போகிறவர்களைத் தாட்சாயணி போனில் கூப்பிட்டால், பதில் ஒரே மாதிரி வந்தது: “பத்தியத்துல இருக்கறோம் மேடம்.”

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, வெளி நோயாளிகள் எல்லாரும் போன பிறகு, வேங்கடாசலம் தனியாக வந்தார். காரில் வரவில்லை. யாருடைய ஸ்கூட்டரையோ ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். வலது கையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மேசை மேல் வைத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை கிழிந்திருந்தது.

“எப்போ சார்?”

“சனிக்கெழமை. தோப்புல வளத்த நாய்க்குட்டி. ஆட்டுக்குட்டி மாதிரி பின்னாடியே சுத்திக்கினு இருக்கும். அன்னிக்கி ரோட்டுல ஓடிச்சு. புடிச்சுக் கட்டலாம்னு போனேன். கவ்விடுச்சு.”

“நாய் இப்போ எப்படி இருக்கு?”

அவர் சுவரைப் பார்த்தார். “இன்னிக்கி காலைல செத்துப்போச்சு. வாயில நுரை. தண்ணிப் பக்கமே போவல.”

தாட்சாயணி எழுந்து அவரைக் குழாயடிக்கு அழைத்துப் போய், சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவச் சொன்னாள். அவர் கழுவினார். நிறுத்தப் பார்த்தபோதெல்லாம், “இன்னும் கழுவுங்க,” என்றாள். தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு மேலாகக் கேட்டாள்: “உங்க மருந்து சாப்பிடலயா சார்?”

கேட்டதில் குத்தல் இருந்தது. அவருக்கும் புரிந்தது. ஆனால் கோபப்படவில்லை.

“குடுக்கற கை தனக்குக் குடுத்துக்கக் கூடாதும்மா. எங்க நைனா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு. வேற ஒரு கை குடுக்கணும். எங்க அண்ணன் இருந்தா அவன் கையால வாங்கிக்கினு இருப்பேன். அவன் போய் நாளாச்சு. பையனுக்கு இந்த மருந்துக் கையக் குடுக்கணும்னா கிரகணத்தன்னிக்கித்தான், தண்ணில நின்னு குடுக்கணும். ரெண்டு கிரகணம் வந்துச்சு. ரெண்டு தடவையும் ஹரிபிரசாத்துக்கு ஸ்ரீசிட்டி கம்பெனில ஷிப்டு.”

நம்பிக்கை மாறி அவர் இங்கே வரவில்லை என்பது தாட்சாயணிக்குத் தெளிவானது. அவருடைய மருந்தின் கதவு அவருக்கே சாத்தியிருந்தது, அதனால் வந்திருந்தார்.

“ரெஜிஸ்டர்ல பேரு எழுத வேணாம்,” என்றார்.

“எழுதாம ஊசி போட முடியாது சார். எழுதினதை வெளியில சொல்லமாட்டேன். அது யாருக்கும் சொல்றதில்ல, உங்களுக்குன்னு இல்ல.”

இரண்டு புஜத்திலும் போட்டாள். காயத்துக்குள்ளேயே போட வேண்டிய சீரம் இங்கே இல்லை, நாளைக் காலையிலேயே திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும் என்று சீட்டு எழுதினாள். அவர் சட்டைக் கையை இறக்கிக்கொண்டிருந்தபோது கேட்டாள்: “வேற யாரையாவது கடிச்சுதா?”

அவர் பொத்தானைப் போட்டு முடித்தார்.

“தறி ஓட்டற வெங்கடலட்சுமி பொண்ணு. தரணி. பள்ளிக்கூடம் விட்டு வந்துக்கினு இருந்துச்சு. என்னைக் கடிக்கறதுக்கு முன்னாடி அதைத்தான் கடிச்சுது.”

“எங்கே?”

“கன்னத்துல.”

“ஊசி போட்டாங்களா?”

“ஞாயித்துக்கெழமை எங்கிட்ட வந்தாங்க. குடுத்துட்டேன்.”

முகத்தில் கடித்தால் நோய் மூளைக்கு ஏற நெடுநாள் தேவைப்படாது. ஏறி, தண்ணீரைக் கண்டாலே மிரளும் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு எந்த மருத்துவமனையும் எதுவும் செய்ய முடியாது. இதை அவள் அவரிடம் சொன்னாள். சாதாரணக் குரலில்தான் சொன்னாள். “நீங்க சொன்னாத்தான் அவங்க கேப்பாங்க சார். இப்பவே போய்ச் சொல்லுங்க.”

“வியாழக்கெழமை எம்எல்ஏ வராரு, புது வார்டு திறக்க. அது முடியட்டும். மெதுவா சொல்றேன்.”

“மெதுவா சொல்ற விஷயம் இல்ல சார்.”

அவர் துண்டால் கையைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் போய்விட்டார்.

புதன்கிழமை காலை தாட்சாயணியும் ஷோபாவும் வெங்கடலட்சுமியின் வீட்டுக்குப் போனார்கள். முன் அறையில் இரண்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வெங்கடலட்சுமி ஒன்றை நிறுத்தினாள், மற்றதை ஓடவிட்டாள். அவளுடைய புருஷன் ரேணிகுண்டா பட்டறையில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். தரணி கட்டிலில் உட்கார்ந்து தட்டிலிருந்த இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயதிருக்கும். இடது கன்னத்தில் மஞ்சள் அப்பியிருந்தது. அதன் அடியில் பல் பட்ட இடங்கள் கறுத்துத் தெரிந்தன.

“ஊசின்னா வேணாம் மேடம். மருந்து உள்ள போயி மூணு நாளாச்சு. இப்ப ஊசி போட்டா முறிஞ்சுடும். அப்பறம் அதுவும் இல்ல, இதுவும் இல்ல,” என்றாள் வெங்கடலட்சுமி.

“அந்த நாய் செத்துப்போச்சும்மா.”

“தெரியும். அதுக்குத்தான மருந்து?” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “எங்க அண்ணனை நாய் கடிச்சப்ப சேர்மன் மாமாவோட நைனாதான் குடுத்தாரு. இன்னிக்கும் லாரி ஓட்டிக்கினு, வாரத்துக்கு ஒருவாட்டி எங்கிட்ட வந்து சண்டை போட்டுக்கினு நல்லாத்தான் கீறான்.”

“கடிக்கிற எல்லா நாய்க்கும் வெறி இருக்காதும்மா. உங்க அண்ணனைக் கடிச்சது நல்ல நாயா இருந்திருக்கும். அவரு ஒண்ணுமே சாப்பிடாம இருந்திருந்தாலும் லாரி ஓட்டிக்கினுதான் இருப்பாரு. இந்த நாய்க்கு வெறி. கண்டிப்பா வெறி.”

வெங்கடலட்சுமி முட்டாள் இல்லை. அந்தப் பேச்சை அவள் மனதில் நிறுத்திப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு தாட்சாயணியை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

“அதே நாய்தான மாமாவையும் கடிச்சுது? நான் கண்ணால பாத்தேன். ரத்தம் ஒழுகிச்சு. ஆஸ்பத்திரியே அவரு கையில இருக்குது. ஊசிதான் நல்லதுன்னா மொத ஆளாப் போட்டுக்கினு இருக்கமாட்டாரா?”

ஷோபா திரும்பி டாக்டரைப் பார்த்தாள். தாட்சாயணி வாயைத் திறந்தாள். ஒரு நோயாளியின் விஷயத்தை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது. சொல்லமாட்டேன் என்று நேற்று வாக்கும் கொடுத்திருந்தாள். இன்று இந்தத் தாயிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் அவர் மறுத்துவிடுவார். அடுத்து கடிபட்டு ஒளிந்து வருகிற எவனும் அவள் வாசலுக்கு வரமாட்டான். இதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கன்னமும் கண்ணெதிரே தெரிந்தது.

“அவரையே கேளுங்கம்மா,” என்றாள் கடைசியில். “இன்னிக்கே கேளுங்க.”

“கேட்டா மருந்து மேல சந்தேகப்பட்டமாதிரி ஆயிடும் மேடம். பலிக்காது.”

வெளியே வந்ததும் ஷோபா சொன்னாள்: “நீங்க சொல்லியிருக்கலாம் மேடம்.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளே, “சொல்லக்கூடாதுதான்,” என்றாள்.

வேங்கடாசலத்தின் போன் அணைந்திருந்தது. மத்தியானம் வேறொரு அழைப்பு வந்தது. எம்எல்ஏவின் உதவியாளர் சிட்டிபாபு, தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர்.

“ஏமண்டி மேடம், சேர்மன் மருந்தைப் பத்தி வீடு வீடாப் போய்ப் பேசறீங்களாமே?”

“ஒரு வீட்டுக்குத்தான் போனேன். நாய் கடிச்ச குழந்தை.”

“உங்க டியூட்டி, நான் வேணாம்னு சொல்லல. ஆனா அது ஜனங்க சென்டிமென்ட்டு. நாளைக்கு ப்ரோக்ராம் இருக்கு. சார் வர்ற நேரத்துல பேப்பர்காரங்களுக்குத் தீனி போடாதீங்க. ட்ரான்ஸ்பர் சீசன் வேற.”

“குழந்தை செத்துட்டா அதுவும் பேப்பர்ல வரும் சார்.”

“வார்டு திறப்பு முடியட்டும்,” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். எல்லாருக்கும் ஏதோ ஒன்று முடிய வேண்டியிருந்தது. தரணியின் கன்னத்துக்குள் இருந்தது எதற்கும் காத்திருக்கவில்லை.

வியாழக்கிழமை காலை, மருத்துவமனை வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தபோது, வெள்ளைக் கார் வந்து நின்றது. வேங்கடாசலம் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, “ஏறுங்கம்மா,” என்றார். விழாவுக்காகச் சலவைச் சட்டை போட்டிருந்தார். வலது கை வீங்கி, வெள்ளைக் கட்டுக்குள் இருந்தது. பின் இருக்கையில் ஒரு டிபன் கேரியர். கார் முழுக்கக் கருவாட்டு வாசனை.

போகும் வழியில் அவராகவே பேசினார். “திருப்பதில நேத்து காயத்துக்குள்ளயே ஊசிய விட்டு விட்டுக் குத்தினாங்க. கத்திட்டேன். எனக்குப் பின்னாடி நின்ன சின்னப் பசங்கல்லாம் பாத்துக்கினு இருந்துச்சுங்க. அங்க ஒரு பையன், டாக்டரோ கம்பவுண்டரோ, எழுதிக்கினே கேட்டான். ‘வேற யாரையாச்சும் கடிச்சுதா?’ன்னு.” அவர் சாலையைப் பார்த்தபடி இருந்தார். “இல்லன்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு தெரியல. வர்ற வழியெல்லாம் அந்தக் கன்னத்துல எப்படிக் குத்துவாங்கன்னே நெனச்சுக்கினு வந்தேன்.”

வெங்கடலட்சுமி அவரைக் கண்டதும் இரண்டு தறிகளையும் நிறுத்தினாள். வீடு திடீரென்று அமைதியானது. அவர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து தரணியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். டிபன் கேரியரைத் திறந்தார். கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு.

“மாமா, இன்னா இது?” வெங்கடலட்சுமி குறுக்கே வந்தாள். “பத்தியம் ஒரு வாரம்கூட ஆவல.”

“நான் குடுத்தது. நானே விடுவிக்கறேன்.”

“அப்ப மருந்து?”

“முறிஞ்சுடும்.”

“நீங்களே குடுத்துட்டு நீங்களே முறிக்கறீங்களா? எங்கிட்ட இன்னா தப்பு நடந்துச்சு? நான் அடுப்புல கருவாட்டு சட்டியக்கூட வைக்கலயே மாமா!”

“உங்கிட்ட ஒண்ணும் தப்பில்ல.” அவர் சோற்றை உருட்டினார். கட்டுப் போட்ட கையால் முடியவில்லை. இடது கைக்கு மாற்றவும் மனம் வரவில்லை. கட்டோடேயே உருட்டினார். துணியில் குழம்பு ஊறியது. “வாயத் தொற கண்ணு. துன்னு.”

தரணி அம்மாவைப் பார்த்தாள். நான்கு நாளாகக் கருவாட்டைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள்.

வெங்கடலட்சுமி சட்டென்று கேட்டாள்: “மாமா, நீங்க போட்டுக்கினீங்களா?”

வாசலில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். சேர்மன் கார் நின்றால் கூடாமல் இருக்கமாட்டார்கள். தாட்சாயணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேங்கடாசலம் சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

“போட்டுக்கினேன்,” என்றார். “செவ்வாக்கெழமையே போட்டுக்கினேன். இந்தக் கைக்குள்ளயும் போட்டாங்க. எங்க மருந்து எனக்கு ஆவாது. அதனால போனேன். போன பிறகு இந்தப் பொண்ணு மட்டும் எதுக்கு இலைய நம்பிக்கினு உக்காந்திருக்கணும்னு ரெண்டு நாளா பதில் தேடறேன். கெடைக்கல.”

பிறகு வாசலிலிருந்து ஒரு பெண்ணின் குரல்: “அப்ப போன மாசம் எங்க ஊட்டுக்காரருக்குக் குடுத்தது?”

“அவரையும் கூட்டினு வா,” என்றார் வேங்கடாசலம். “எல்லாரையும் கூட்டினு வாங்க.”

அன்று தரணிக்கு முதல் ஊசி மேலப்பட்டடையிலேயே போடப்பட்டது. அதே வெள்ளைக் காரில் அவளும் அம்மாவும் திருப்பதிக்குப் போனார்கள். வார்டு திறப்பு விழாவில் சேர்மன் நாற்காலி காலியாக இருந்தது. எம்எல்ஏ ரிப்பனை வெட்டிவிட்டுச் சீக்கிரமே கிளம்பினார். சிட்டிபாபு தாட்சாயணியை முறைத்துக்கொண்டே கடந்து போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேங்கடாசலம் வீட்டு வாசலில் வழக்கம்போல ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர் இலை பறிக்கப் போகவில்லை. ஒவ்வொருவரிடமும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். சிலர் போனார்கள். சிலர் அவரைத் திட்டினார்கள். மூன்று தலைமுறை மருந்தை ஊசிக்காரங்களிடம் விற்றுவிட்டான் என்று ஒருவர் தெருவில் நின்று சத்தம் போட்டார். சிலர் பேசாமல் எழுந்து, தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் வேறொருவர் கொடுப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறினார்கள். அவர்களை யாராலும் தடுக்க முடியவில்லை.

மாதம் முடியும் முன் புதிய உத்தரவு வந்தது. உடல்நிலை காரணமாக வேங்கடாசலம் விலகியதாகவும், புதிய சேர்மன் நியமிக்கப்படுவதாகவும் அதில் இருந்தது. புதியவர் கல்குவாரி வைத்திருப்பவர். அவர் கேட்டது எந்தப் பதவி என்று யாருக்கும் தெரியவில்லை. பொறுப்பேற்ற நாளில் தண்ணீர் இயந்திரத்தின் மேலிருந்த பித்தளைத் தகட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றிய இடத்தில் நான்கு ஆணித்துளைகள் இருந்தன. நாய்ப் படம் போட்ட போர்டைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. ஷோபா யாரையும் கேட்காமல் அதை வாசலுக்குக் கொண்டுவந்து மாட்டினாள்.

கடைசி ஊசிக்கு வேங்கடாசலம் காலையிலேயே, எல்லாரும் இருக்கிற நேரத்தில் வந்தார். தான் போட்ட பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் தரணியும் வெங்கடலட்சுமியும். தரணிக்குக் கடைசி ஊசி அவருக்கு இரண்டு நாள் பிந்திதான். ஆனாலும் அவர் வருகிறார் என்று கேள்விப்பட்டு வெங்கடலட்சுமி வந்திருந்தாள்.

“உங்க அண்ணன் எப்படி கீறான்?” என்று கேட்டார் அவர்.

“உங்களத்தான் திட்டிக்கினு கீறான். ‘அப்ப நான் எப்படிப் பொழைச்சேன்?’னு கேக்கறான்.”

“நல்ல நாய் கடிச்சிருக்கும்னு சொல்லு.”

வெங்கடலட்சுமி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. தரணியின் கன்னத்தில் காயம் ஆறி ஒரு கோடாக இருந்தது. ஐந்து நாள் தாமதம் என்பதைத் தாட்சாயணி அவளிடம் மறைக்கவில்லை. இனிப் பயமில்லை என்றும் அவள் சொல்லவில்லை. கண்ணில் படும்போதெல்லாம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பாள். அது தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எதற்காக என்று வெங்கடலட்சுமிக்குத் தெரிந்திருந்தது. தரணி அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றும் தாட்சாயணி இயந்திரத்திலிருந்து இரண்டு டம்ளர் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒன்றைத் தரணியிடம் கொடுத்தாள். மற்றதை வேங்கடாசலத்திடம். அவர் அதை வலது கையில் வாங்கினார். விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை.

தரணி மடக் மடக்கென்று குடித்துவிட்டு வெற்று டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். அதன் பிறகுதான் அவர் தன் டம்ளரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். வெங்கடலட்சுமியும் தாட்சாயணியும் காத்திருந்தார்கள்.

அவர் குடித்தார்.